முகவர் யார் பக்கம்? ஃபிஃபாவின் காற்பந்து முகவர் விதிமுறைகள், சிங்கப்பூர்ப் பெற்றோருக்காக

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, யீஷூனில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தபோது, தேநீரோடு நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றையும் என் முன் வைத்தார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு வயது பதினாறு. வலது ஓரத்தில் ஓடி விளையாடுபவன். மூன்று ஆண்டு ஒப்பந்தம், முடிந்ததும் தானாகவே புதுப்பிக்கப்படும் என்றிருந்தது. முகவர், அதாவது வீரர் சார்பில் குழுக்களுடன் பேரம் பேசுபவர், பெறும் விழுக்காட்டுக்கான இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. "யார் இவர்?" என்று கேட்டதற்கு, "கோச்சுக்கு ரொம்ப வேண்டியவராம் மாமா, கோச்சே அனுப்பி வைத்தார்" என்று பையனின் தாயார் சொன்னார். அதை ஒரு நற்சான்றிதழைப் போலத்தான் அவர் சொன்னார். எனக்கோ, மற்ற எல்லாவற்றையும் விட அந்த ஒரு வாக்கியத்தைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று தோன்றியது. முகவர், பயிற்றுவிப்பாளர், வீரர் ஆகிய மூவருக்கும் இடையே விதிமுறைகள் எங்கே கோடு போட்டிருக்கின்றன, எங்கே போடாமல் விட்டிருக்கின்றன என்பதை விளக்கவே இக்கட்டுரை.

உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, முகவர்களுக்கான உரிம முறையை 2015 ஏப்ரல் 1 அன்று கைவிட்டு, 'இடைத்தரகர்' என்று பதிவு செய்துகொள்ளும் எவரும் இத்தொழிலைச் செய்யலாம் என்று விட்டது. அந்தத் தளர்வு எட்டு ஆண்டுகள் நீடித்தது. அதன் பிறகு 2022 டிசம்பரில் ஏற்கப்பட்ட புதிய காற்பந்து முகவர் விதிமுறைகள் 2023 ஜனவரி 9 அன்று பகுதியாகவும், அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று முழுமையாகவும் நடப்புக்கு வந்தன. ஃபிஃபாவின் உறுப்பினர் என்ற முறையில் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கமும் இக்கட்டமைப்புக்குள்தான் இயங்குகிறது. ஆகவே சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் ஆடும் வீரருக்கும், வெளிநாட்டுக் குழுவுக்குப் போக நினைக்கும் வீரருக்கும் இது பொருந்தும்.

இதன்படி, வீரர் சார்பில் ஒரு குழுவுடன் பேரம் பேச விரும்பும் எவருக்கும் ஃபிஃபா உரிமம் வேண்டும். உரிமம் நிறுவனத்துக்கு வழங்கப்படுவதில்லை, தனி மனிதருக்கே வழங்கப்படும். விண்ணப்பதாரர் இருபது கேள்விகள் கொண்ட தேர்வு எழுதி, குறைந்தது பதினைந்துக்குச் சரியான விடை தர வேண்டும். 2023 ஏப்ரல் 19 அன்று நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் தேறினர். நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய மாற்றம் ஒன்று இதில் இருக்கிறது. 2015க்கு முன்பிருந்த விதிகளில் பெற்றோர், உடன்பிறந்தோர், கணவன் மனைவி, வழக்கறிஞர் ஆகியோர் உரிமமின்றியே வீரருக்காகப் பேசலாம். இப்போது அந்த விலக்கு இல்லை. வீரர் தமக்காகத் தாமே பேசிக்கொள்ளலாம். ஆனால் "சித்தப்பா பார்த்துக்கொள்வார்" என்று சித்தப்பாவை முகவராக அனுப்பினால், அவரும் தேர்வு எழுதி உரிமம் வாங்கியிருக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பெயர்ப் பட்டியலை ஃபிஃபா இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும்.

குழுவின் பயிற்றுவிப்பாளரோ அதிகாரியோ முகவர் உரிமம் வைத்திருக்க முடியாது. முகவர் ஒரு குழுவில் பங்கு வைத்திருக்கவும் முடியாது. இதை மட்டும் படித்தால், பயிற்றுவிப்பாளரையும் முகவரையும் ஒரு சுவர் பிரித்து வைத்திருப்பதாகத் தோன்றும். ஆனால் அதே விதிமுறைகளில் 'வாடிக்கையாளர்' என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள பொருளைப் பாருங்கள்: வீரர், குழு, தேசியச் சங்கம் ஆகியோரோடு பயிற்றுவிப்பாளரும் அதில் அடங்குகிறார். அதாவது, உங்கள் மகனுக்குப் பேசும் அதே முகவர், அவனைத் தேர்ந்தெடுக்கும் பயிற்றுவிப்பாளருக்கும் வேலை தேடித் தருபவராக இருக்கலாம். ஒரே பரிவர்த்தனையில் ஒருவர் இரு தரப்புக்கும் பேசுவதைத்தான் விதி தடுக்கப் பார்க்கிறது. வீரரின் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவது வீரரும் குழுவும் மட்டுமே. பயிற்றுவிப்பாளர் அதில் ஒரு தரப்பு இல்லை என்பதால் அந்தத் தடைக்குள் அவர் வருவதில்லை. இது விதிமுறைகளின் பெரிய இடைவெளி என்பது என் கருத்து.

இந்த இடைவெளி எப்படி இருக்கும் என்பதற்கு இங்கிலாந்தின் உல்வர்ஹாம்ப்டன் குழு நல்ல எடுத்துக்காட்டு. போர்ச்சுகீசிய முகவர் ஜார்ஜ் மென்டிஸின் முதல் வாடிக்கையாளர் ஒரு கோல்காவலர். அவர் பெயர் நூனோ எஸ்பிரிட்டோ சான்டோ. அதே நூனோ 2017இல் உல்வர்ஹாம்ப்டனின் பயிற்றுவிப்பாளரானார். அந்தக் கோடையிலேயே, போர்ட்டோவில் அவரிடம் விளையாடிய இருபது வயது ரூபன் நெவிஸ், மென்டிஸின் இன்னொரு வாடிக்கையாளர், இரண்டாம் நிலை லீக்கில் அப்போதிருந்த அக்குழுவுக்கு ஏறத்தாழ 15.8 மில்லியன் பவுண்டுக்கு வந்து சேர்ந்தார். போட்டிக் குழுக்கள் கேள்வி எழுப்பின. லீக் நிர்வாகம் ஆராய்ந்து, விதிமீறல் இல்லை என்று முடித்தது. காற்பந்துக் கணக்கில் பார்த்தால் அந்த ஏற்பாடு நன்றாகவே வேலை செய்தது, குழு முதல் நிலை லீக்குக்கு உயர்ந்தது. ஆனால் 2021இல் நூனோ வெளியேறினார். நெவிஸ் 2023 வரை அங்கேயே ஆடினார். பயிற்றுவிப்பாளரை நம்பி வரும் வீரர், தாம் கையொப்பமிட்டது குழுவோடுதான் என்பதைப் பயிற்றுவிப்பாளர் போன பிறகே பல வேளைகளில் உணர்கிறார். நெவிஸுக்கு அப்போது பெயரும் இடமும் இருந்தன. மாற்று ஆட்டக்காரர்களின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு அவை இரா.

இந்த உறவு முற்றிலும் கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கும் பழைய சான்று உண்டு. ஆர்சனல் குழுவின் நிர்வாகி ஜார்ஜ் கிரஹாம், இரண்டு ஸ்கேண்டிநேவிய வீரர்களை வாங்கியது தொடர்பில் நார்வே நாட்டு முகவர் ரூனே ஹாவ்கயிடமிருந்து 425,000 பவுண்டு பெற்றுக்கொண்டது தெரியவந்து, 1995 பிப்ரவரியில் பதவி இழந்தார். இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் அவருக்கு ஓராண்டுத் தடை விதித்தது. சிங்கப்பூரில் இத்தகைய செயல் விளையாட்டு அமைப்பின் ஒழுங்கு நடவடிக்கையோடு முடிந்துவிடாது. நம் ஊழல் தடுப்புச் சட்டம் தனியார் துறைக்கும் பொருந்தும். அச்சட்டத்தில் 'முகவர்' என்ற சொல் மற்றொருவருக்காகச் செயல்படும் எவரையும், ஊழியரையும் சேர்த்துக் குறிக்கிறது. அதன்படி குழுவின் முகவர் யாரென்றால், சம்பளம் வாங்கும் பயிற்றுவிப்பாளர்தான்! குழுவுக்குத் தெரியாமல், ஒரு வீரரைச் சேர்ப்பதற்குக் கைமாறாக அவர் பணம் பெற்றால், 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமுண்டு. கொடுத்தவருக்கும் அதே தண்டனைதான்.

இனி ஒப்பந்தத்துக்கு வருவோம். வீரருக்கும் முகவருக்கும் இடையிலான பிரதிநிதித்துவ ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். தரப்பினரின் பெயர், கால அளவு, கட்டணம், செய்யப்படும் சேவை, கையொப்பங்கள் ஆகியவை அதில் இருந்தாக வேண்டும். கால அளவு இரண்டு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. தானாகப் புதுப்பிக்கும் ஷரத்து செல்லாது, நீட்டிக்க வேண்டுமானால் புதிதாகக் கையெழுத்திட வேண்டும். யீஷூனில் நான் பார்த்த தாளில் காலம், புதுப்பிப்பு, கட்டணம் ஆகிய மூன்றுமே தவறு. கையொப்பத்துக்கு முன்பு, சுயேச்சையான சட்ட ஆலோசனை பெறலாம் என்று முகவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீரர் அதைப் பெற்றதாகவோ வேண்டாம் என்று முடிவெடுத்ததாகவோ எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். முகவர் இல்லாமல் தாமே ஒரு குழுவுடன் பேசி ஒப்பந்தம் செய்துகொள்ளும் வீரரைத் தடுக்கும் அல்லது தண்டிக்கும் ஷரத்தும் செல்லாது. மற்றொரு முகவருடன் பிரத்தியேக ஒப்பந்தத்தில் இருக்கும் வீரரை, அந்த ஒப்பந்தத்தின் கடைசி இரண்டு மாதங்களுக்கு முன்னதாக வேறொரு முகவர் அணுகக்கூடாது.

பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கூடுதல் காப்பு உண்டு. அவர் தம் முதல் நிபுணத்துவ ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சட்டம் அனுமதிக்கும் வயதுக்கு ஆறு மாதம் இருக்கும்போதுதான் முகவர் அணுகலாம். அதற்கும் பெற்றோரின் அல்லது சட்டபூர்வப் பாதுகாவலரின் எழுத்துபூர்வ ஒப்புதல் முன்னதாகவே வேண்டும். முகவர், சிறார் தொடர்பான தனிப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். இங்கே கவனியுங்கள்: ஒப்புதல் முதலில், பேச்சு பிறகு. பயிற்சி முடிந்து பையன் வெளியே வரும்போது திடலின் வாசலில் அட்டையை நீட்டிவிட்டு, அப்புறம் பெற்றோரிடம் வருபவர் முறையை மாற்றிச் செய்கிறார்.

அடுத்தது பணம். விதிமுறைகளில் எழுதப்பட்ட உச்சவரம்பு இப்படி: வீரரின் ஆண்டு ஊதியம் 200,000 அமெரிக்க டாலர் வரை இருந்தால் அதில் 5 விழுக்காடு, அதற்கு மேற்பட்ட பகுதிக்கு 3 விழுக்காடு. வீரரும் அவரைச் சேர்க்கும் குழுவும் எழுத்தில் சம்மதித்து ஒரே முகவரை வைத்துக்கொண்டால் (இரு தரப்புக்கும் ஒருவரே பேச விதி இடம் தருவது இங்கே மட்டும்தான்), முறையே 10 மற்றும் 6 விழுக்காடு. வீரரை விற்கும் குழுவுக்காகப் பேசினால் மாற்றுத் தொகையில், அதாவது வாங்கும் குழு அவருக்காகத் தரும் விலையில், 10 விழுக்காடு. குழு தரும் வீடு, கார், தொலைபேசி போன்ற வசதிகள் ஊதியக் கணக்கில் சேரா. மாதம் 4,000 டாலர் பெறும் வீரரின் ஆண்டு ஊதியம் 48,000. அவருடைய முகவருக்கு உரியது ஆண்டுக்கு 2,400 டாலர். இருநூறாயிரத்துக்குக் குறைவாகச் சம்பாதிக்கும் வீரருக்காகக் குழுவே அக்கட்டணத்தைச் செலுத்தவும் விதி இடம் தருகிறது.

இந்த வரம்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பிரெஞ்சு வீரர் பால் போக்பா குழு மாறியதை மட்டும் சொன்னால் போதும். 2016இல் அவரை 105 மில்லியன் யூரோவுக்கு மான்செஸ்டர் யுனைடெட்டிடம் கொடுத்த இத்தாலியின் யுவென்டஸ் குழு, முகவர் கட்டணம் உள்ளிட்ட துணைச் செலவுகளும் மற்றக் கழிவுகளும் போக 72.6 மில்லியன்தான் தன் கணக்கில் பலன் என்று அறிவித்தது. 2023ஆம் ஆண்டில் அனைத்துலக மாற்றங்களில் மட்டும் முகவர் கட்டணமாக 888 மில்லியன் டாலர் செலவானது என்பது ஃபிஃபாவின் சொந்தக் கணக்கு.

ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் ஐந்து விழுக்காட்டைச் சட்டமாக நம்பி வாதாடக் கிளம்ப வேண்டாம். முகவர் நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2023 மே மாதம் ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நீதிமன்றம் முக்கிய விதிகளுக்குத் தடை விதித்தது. ஜூலையில் விளையாட்டு நடுவர் மன்றம் ஃபிஃபாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தும், விவகாரம் ஐரோப்பிய நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்டதால், 2023 டிசம்பர் 30 அன்று ஃபிஃபா சில விதிகளை உலகெங்கும் நிறுத்தி வைத்தது. நிறுத்தப்பட்டவற்றுள் கட்டண உச்சவரம்பு, கட்டணத்தை யார் எப்போது செலுத்த வேண்டும் என்பவை, இரு தரப்புக்கும் ஒருவரே பேசுவதற்கான தடை ஆகியவை அடங்கும். உரிமம், எழுத்து ஒப்பந்தம், இரண்டாண்டு எல்லை, சிறார் பாதுகாப்பு ஆகியவை அந்த நிறுத்தப் பட்டியலில் இல்லை. எனவே கட்டணத்தையும் இரட்டைப் பிரதிநிதித்துவத்தையும் பொறுத்தவரை உங்கள் ஒப்பந்தத்தில் எழுதப்படுவதே உங்களுக்குப் பாதுகாப்பு. விழுக்காட்டு இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்திடுவது வெற்றுக் காசோலை கொடுப்பதற்கு ஒப்பாகும். கையெழுத்திடும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதைக் காற்பந்துச் சங்கத்திடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கே உரிய இரண்டு விஷயங்கள் உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட வீரரை ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக் குழுவுக்கு மாற்றுவதை ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகளுள் ஒன்று நமக்கு நேராகப் பொருந்துவது: வீரரின் வீடு எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும், அண்டை நாட்டுக் குழுவும் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள்ளும் இருந்து, அவர் தொடர்ந்து வீட்டிலேயே வசித்து, இரு நாட்டுச் சங்கங்களும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டால் மாறலாம். ஜோகூர் பாருவில் ஒரு குழு இருந்தால், உட்லண்ட்ஸ் பையன் பாலத்தைக் கடந்து போய்வருவது விதிப்படி இயலக்கூடியதே. சுங்கச் சாவடியில் நிற்கும் நேரத்துக்கு ஃபிஃபா பொறுப்பேற்காது. ஆனால் ஐரோப்பாவில் பதினாறு வயதில் இடம் வாங்கித் தருவேன் என்று ஒருவர் சொன்னால், எந்த விதிவிலக்கின் கீழ் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, தேசிய சேவை. ஒத்திவைப்பை முடிவு செய்வது தற்காப்பு அமைச்சு மட்டுமே. 2018இல் இங்கிலாந்தின் ஃபுல்ஹம் குழுவில் நிபுணத்துவ ஒப்பந்தம் பெற்ற இளைஞர் ஒருவரின் விண்ணப்பத்தையே அது நிராகரித்தது. "நான் பேசிச் சரிசெய்கிறேன்" என்று சொல்லும் முகவருக்கு அந்த அதிகாரம் இல்லை, அவருடைய பயிற்றுவிப்பாளர் நண்பருக்கும் இல்லை.

யீஷூன் வீட்டில் அன்று, முகவரிடம் கேட்கும்படி மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். உங்கள் உரிம எண் என்ன? பயிற்றுவிப்பாளரும் உங்கள் வாடிக்கையாளரா? அவர் குழுவைவிட்டுப் போனால் எங்கள் மகனுக்காகத் தொடர்ந்து யார் பேசுவார்? மறுநாள் பையனின் தாயார் வாட்ஸ்அப்பில் பதில் அனுப்பியிருந்தார். முதல் கேள்விக்கு, "எண் தேவைப்படாது, எல்லாருக்கும் என்னைத் தெரியும்" என்றாராம். இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல், பயிற்றுவிப்பாளரையே அழைத்துப் பேசச் சொல்கிறேன் என்றாராம். மூன்றாவதைக் கேட்கும் தேவை ஏற்படவில்லை. பையன் இப்போதும் அதே குழுவின் இளையர் அணியில்தான் ஆடுகிறான்.