முப்பதுக்கு நாற்பது மனையில் போரும் செப்டிக் டேங்கும்

ஓமலூர், அயோத்தியாப்பட்டணம், மல்லூர், கன்னங்குறிச்சியைத் தாண்டி ஏற்காடு அடிவாரம் என்று சேலத்தை விட்டு எந்தப் பக்கம் கிளம்பினாலும் காடுகளுக்கு நடுவே மனைக் கற்கள் தெரிகின்றன. நேற்றுவரை சோளமும் மரவள்ளியும் நிலக்கடலையும் விளைந்த காடுகள். பெரும்பாலும் 1,200 சதுர அடி மனைகள். அதாவது முப்பதுக்கு நாற்பது, இரண்டே முக்கால் சென்ட். இப்போது அதையும் பாதியாக்கி 600 சதுர அடியாகத் தர முடியுமா என்று கேட்கிறவர்கள் அதிகம். ஊராட்சிப் பகுதிகளில் மனையின் குறைந்தபட்ச அளவைக் குறைத்தால் ஏழைக்கும் ஒரு வீடு அமையும் என்கிறார்கள்.

அந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். தறி ஓட்டுகிறவரும் வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குப் பற்ற வைக்கிறவரும் இன்றைய விலையில் பத்து சென்ட் வாங்க முடியாது. அவர்களுக்குச் சின்ன மனை வேண்டும். ஆனால் இந்த மனைப்பிரிவுகள் எதிலும் பாதாளச் சாக்கடை கிடையாது. சாக்கடை இல்லாத இடத்தில் மனையின் அளவு என்பது வீடு கட்டப் போதுமா என்ற கேள்வியோடு முடிவதில்லை. அந்த வீட்டின் மலக்கழிவை அந்த மண்ணால் தாங்க முடியுமா என்று பார்த்த பிறகுதான் அளவைப் பேச வேண்டும். வீடு கட்டித் தரும் பொறியாளனாக இந்த வட்டாரத்தில் வேலை செய்கிற எனக்கு, இந்த இரண்டாவது கேள்வியை யாருமே கேட்காமல் பத்திரம் முடிவது உண்மையாகவே கவலையாக இருக்கிறது.

முதலில் செப்டிக் டேங்க் என்ன செய்கிறது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அது கழிவைச் சேமித்து வைக்கும் தொட்டி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கெட்டியான கசடு அடியில் படியும், கொழுப்பு மேலே மிதக்கும். நடுவில் உள்ள தண்ணீர், உள்ளே எத்தனை லிட்டர் வருகிறதோ அத்தனை லிட்டர் வெளியே போய்க்கொண்டே இருக்கும். வெளியே போகும் தண்ணீரில் கிருமிகள் இருக்கும், சிறுநீரிலிருந்து வந்த நைட்ரஜன் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை உறிஞ்சு குழி வழியாக மண்ணுக்குள் விட்டு, மண் வடிகட்டிக் கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆக, சுத்திகரிப்பில் பெரும்பகுதியைச் செய்வது தொட்டியல்ல, மண்தான்.

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இந்தியத் தர நிர்ணயப்படி ஒன்றரை மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம் உள்ள தொட்டி போதும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கசடு எடுக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் நடப்பது வேறு. அடியில் கான்கிரீட் போடாமல், சில இடங்களில் வெறும் சிமென்ட் உறை வளையங்களை இறக்கி, அதற்கு செப்டிக் டேங்க் என்று பெயர் வைக்கிறோம். "பத்து வருஷம் ஆச்சுங்க, ஒரு தடவகூட நெறையல" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். கட்டிய மேஸ்திரிக்கும் அதில் நல்ல பெயர். நிறையாத தொட்டி என்றால் அது ஒழுகும் தொட்டி. பத்து வருடத்துக் கழிவும் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது அளவுக்கு வருவோம். உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணறுக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர் தூரம் வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. 18 மீட்டர் என்றால் 59 அடி. முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்கே அளந்தால் சரியாக 50 அடி. அந்த மனையில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொண்டாலும் இந்தத் தூரம் வராது. எவ்வளவு திறமையான பொறியாளர் வரைந்தாலும் வராது. அந்தத் தரநிலையே, குடியிருக்கும் வீட்டிலிருந்தும் உறிஞ்சு குழி 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. சின்ன மனையில் போர்டிகோவுக்கு அடியில் ஒரு பக்கம் செப்டிக் டேங்கும், ஒற்றைச் செங்கல் சுவர் இடைவெளியில் மறுபக்கம் குடிதண்ணீர் சம்ப்பும் இருப்பதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தால் போதும்.

நம் மனைக்குள் மட்டும் பார்த்தாலும் போதாது. குடிநீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறான போரைச் சுற்றி 18 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் அதன் பரப்பு ஏறக்குறைய 25 சென்ட். சாலைக்குப் போனது போக, 1,200 சதுர அடி மனைகளாக இருந்தால் அந்த வட்டத்துக்குள் ஐந்தாறு வீடுகள் வரும். 600 சதுர அடியாக்கினால் பன்னிரண்டு. உங்கள் போருக்கு அருகில் உங்கள் செப்டிக் டேங்க் மட்டும் இல்லை. உங்கள் கையில் இல்லாத பல தொட்டிகளும் இருக்கின்றன.

இதில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. சாஸ்திரம் பார்த்து, போரை ஈசானி மூலையிலும் செப்டிக் டேங்கை வாயு மூலையிலும் வைக்கிறோம். தனியாக ஒரு தோட்டத்தில் ஒரு வீடு இருந்த காலத்தில் இது நல்ல ஏற்பாடுதான். இரண்டும் வீட்டின் அகலத்துக்கு விலகி நிற்கும். ஆனால் வரிசை மனைகளில் என்ன ஆகிறது? என் மனையின் வடகிழக்கு மூலையைத் தொட்டுக்கொண்டிருப்பது கிழக்கே உள்ள பக்கத்து மனையின் வடமேற்கு மூலை. அவர் தன் வாயு மூலையில் செப்டிக் டேங்க் கட்டினால் அது என் போருக்கு நாலைந்து அடியில் வந்து நிற்கும். அவருடைய போருக்குப் பக்கத்தில் அதற்கடுத்த வீட்டுத் தொட்டி. வரிசை முழுக்க இப்படியே போகும். எல்லோரும் முறைப்படிதான் செய்திருக்கிறார்கள், தெருவில் ஒரு போர்கூடத் தப்பவில்லை. மனைப்பிரிவு வரைபடத்திலேயே எந்தப் பக்கம் போர், எந்தப் பக்கம் கழிவு என்று தெருவுக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் இதைப் பெரிதும் தவிர்க்கலாம். வரைபடம் போடுகிறவர்களிடம் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது இது.

மழையை வைத்து ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சேலத்துச் சமவெளியில் வருடத்துக்கு 1,000 மில்லிமீட்டர் மழை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 1,200 சதுர அடியில் விழும் மழை சுமார் 1,11,000 லிட்டர். நம் பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்குதான் கீழே இறங்கும், 11,000 லிட்டர். நாலு பேர் வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 30 லிட்டர் கழிப்பறைத் தண்ணீர் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 44,000 லிட்டர். குளிக்கும் தண்ணீரையும் துவைக்கும் தண்ணீரையும் நான் சேர்க்கவே இல்லை. இறங்கும் நல்ல தண்ணீரைப் போல நாலு மடங்கு கழிவுத் தண்ணீர். பத்து சென்ட் மனையாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமமாகும். ஒரு ஏக்கர் என்றால் மழையின் பங்கு 4,00,000 லிட்டர்; ஒரு வீட்டுக் கழிவு அதில் கரைந்துவிடும். தோட்டத்து வீடுகளில் நம் பாட்டன் காலத்திலிருந்து கிணற்றுத் தண்ணீர் கெடாமல் இருந்ததற்குக் காரணம் அந்த இடைவெளிதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சாக்கடை இல்லாத இடத்தில் மனையின் குறைந்தபட்ச அளவையே மண்ணின் வகையையும், குழாய்த் தண்ணீரா சொந்தக் கிணறா என்பதையும் பார்த்துத்தான் வைக்கிறார்கள். சொந்தக் கிணறு என்றால் ஒரு ஏக்கருக்குக் குறைவதில்லை. அந்த அளவு நமக்குப் பொருந்தாது. ஆனால் கேள்வியை அவர்கள் சரியான இடத்தில் கேட்கிறார்கள்.

நம் மாவட்டத்து நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே கொஞ்சம் செம்மண், அதற்குக் கீழே மொரம்பு எனும் சரளை மண், அதற்கும் கீழே ஓடக்கல் எனும் சிதைந்த பாறை, பிறகு கெட்டிப் பாறை. தண்ணீர் ஓடுவது பாறையின் வெடிப்புகளில். போர் போடுகிறவர்கள் ஊத்து என்று சொல்வது அதைத்தான். மண்ணுக்குள் மெதுவாகக் கசிந்தால் கிருமிகள் வழியிலேயே சாகும். வெடிப்புக்குள் போய்விட்டால் வடிகட்ட ஒன்றும் இல்லை, தண்ணீர் நெடுந்தூரம் அப்படியே போகும். அதனால்தான் வெடிப்புள்ள பாறை நிலத்தில் உறிஞ்சு குழியே பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று அதே தரநிலை சொல்கிறது. 18 மீட்டர்கூட இங்கே பாதுகாப்புக்கு உறுதியில்லை. இதற்கெல்லாம் மேல், வற்றிப்போன போரிலும் பாழுங்கிணற்றிலும் செப்டிக் டேங்க் குழாயை இறக்கிவிடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. இதைச் செய்கிறவர் தன் கழிவை நேராக ஊர் ஊத்துக்குள் ஊற்றுகிறார். எந்தக் காரணத்துக்காகவும் இதைச் செய்யாதீர்கள், செய்யவும் விடாதீர்கள்.

அடிவாரத்தில் ஒரு மனைப்பிரிவில் வீடுகள் நெருங்கிய பிறகு, ஒரு வீட்டுக்காரர் போர்த் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கச் சொல்லி நான் வற்புறுத்தினேன். தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போல் தெளிவு, நாற்றமில்லை, நிறமில்லை. ஆனால் நைட்ரேட் அனுமதி அளவைப் போல இரண்டு மடங்குக்கும் மேலே. இந்தியக் குடிநீர்த் தரப்படி லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது. அதில் தளர்வும் கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் புட்டிப்பால் கலந்து கொடுத்தால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து உண்டு. அந்த வீட்டில் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தார்கள். காய்ச்சினால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாக ஆக இன்னும் அடர்த்தியாகும்.

ஏற்காட்டில் நிலைமை இன்னும் கடினம். காப்பித் தோட்டங்கள் மனைகளாகவும் தங்கும் விடுதிகளாகவும் பிரிகின்றன. மலைச்சரிவில் மண் ஆழம் குறைவு. மேலே உறிஞ்சு குழியில் விட்டது கீழே ஏதாவது ஒரு பாறை விளிம்பில் வெளியே வரும். சரிவில் கீழே இருப்பவர்கள் யார்? சுனைத் தண்ணீரை நம்பி வாழும் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். திருமணிமுத்தாறும் சரபங்காவும் பிறப்பது இந்தச் சேர்வராயன் மலையில்தான். மலையில் 18 மீட்டர் தூரத்தை மட்டும் நாடாவால் அளந்து பயனில்லை. கீழ்ப்புறம் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நடந்து போய்ப் பார்த்த பிறகுதான் நான் அங்கே இடம் குறிப்பேன்.

சட்டம் என்ன செய்திருக்கிறது? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்பு உருவானவற்றை முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று கொடுத்தால் உடனே அனுமதி. நடுத்தரக் குடும்பங்களுக்கு அது பெரிய நிம்மதி, நானும் வரவேற்கிறேன். ஆனால் கட்டுவதற்கு முன் யாரும் வந்து பார்ப்பதில்லை என்பதால், செப்டிக் டேங்க் எங்கே, எப்படி என்ற பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையிலும் வரைந்து கொடுக்கும் பொறியாளர் மனசாட்சியிலும் விழுகிறது.

சின்ன மனை வேண்டும் என்றால் அதற்கு வழி இருக்கிறது. நூறு வீடுகளுக்குத் தெருக்குழாய் போட்டு, பள்ளமான மூலையில் பல அறைத் தொட்டியும், அதையடுத்து ஜல்லிப் படுகையில் கல்வாழையும் கோரையும் வளர்த்த சுத்திகரிப்பும் அமைக்கப் பத்துப் பதினைந்து சென்ட் போதும். மோட்டாரும் காற்று ஊதும் கருவியும் இல்லாமல், மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும்படி அமைக்கலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவில் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் 10 சதவீதம் ஒதுக்குகிறோம். கழிவுநீருக்கு ஒரு மூலை ஒதுக்கிய மனைப்பிரிவை நான் மிக அரிதாகவே பார்த்திருக்கிறேன். அரசு குறைந்தபட்ச அளவைக் குறைக்கட்டும். அந்த அளவில் விற்கிறவர் பொதுச் சுத்திகரிப்பும் காவிரிக் குழாய் இணைப்பும் கொடுத்த பிறகே விற்கட்டும். அது முடியாத இடத்தில், சொந்தப் போரும் சொந்த உறிஞ்சு குழியும் வைத்துக்கொள்ளும் மனை பத்து சென்ட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பது என் கருத்து.

மனை வாங்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். உறிஞ்சு குழி வரும் ஆழத்துக்கு ஓரடி அகலத்தில் குழி வெட்டி, அடியில் இரண்டு அங்குலம் மணல் போட்டு, இரவு முழுக்கத் தண்ணீர் நிறுத்தி மண்ணை ஊற வையுங்கள். மறுநாள் மணலுக்கு மேல் அரையடி தண்ணீர் ஊற்றி, ஓர் அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். அரைமணிக்குள் இறங்கினால் உறிஞ்சு குழி வேலை செய்யும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அந்த மண் கழிவை ஏற்காது. ஊற்றிய உடனே காணாமல் போனால் அதற்கும் மகிழ வேண்டாம்; கீழே வெடிப்பு இருக்கலாம்.

ஏற்கெனவே வீடு கட்டியவர்கள், கசடு எடுக்கும் வண்டியின் குழாய் எட்டும் இடத்தில் தொட்டிக்கு மூடி வையுங்கள். டைல்ஸ் போட்டு மறைக்காதீர்கள். கசடு எடுக்க ஆளை உள்ளே இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உள்ளே இருக்கும் வாயு நொடியில் ஆளைக் கொல்லும். வண்டிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம். போர்த் தண்ணீரை வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து, உப்பு அளவோடு நைட்ரேட்டும் மலக்கிருமியும் பார்க்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். தெருவில் நாலு வீட்டு அறிக்கையைச் சேர்த்து எடுத்துக்கொண்டு மார்ச் 22 தண்ணீர் நாள் கிராம சபைக்குப் போங்கள். உங்கள் ஊராட்சியில் அடுத்து வரும் மனைப்பிரிவின் கழிவுநீர் எங்கே போகும் என்பதை வரைபடத்தில் காட்டச் சொல்லி அங்கேயே தீர்மானம் கேளுங்கள்.