மவுத் ஆர்கன் பழக தினமும் 15 நிமிடம் போதும்

என்னிடம் மவுத் ஆர்கன் கற்க வருகிறவர்களில் பலர் வார நாட்களில் அதைத் தொடுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு மணி நேரம் விடாமல் ஊதிவிட்டு, உதடு எரிகிறது, தலை சுற்றுகிறது, இது நமக்குச் சரிப்பட்டு வராது சார் என்கிறார்கள். அந்த நேரத்தை ஏழு நாளுக்கும் பிரித்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

தலைசுற்றலை அலட்சியம் செய்யாதீர்கள். தேவைக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து தலை கிறுகிறுக்கும். உடனே நிறுத்துங்கள், மூக்கால் சாதாரணமாக மூச்சு விடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

முதல் மூன்று நிமிடம் பாட்டே வேண்டாம். நாலாவது துளையில் மெதுவாக ஊதுங்கள், மூச்சை உள்ளே இழுங்கள், பக்கத்துத் துளையின் சத்தம் கலக்காமல் ஒற்றை ஸ்வரம் கேட்கிறதா என்று கவனியுங்கள், அவ்வளவுதான். அப்புறம் சரளி வரிசை, அதாவது ச ரி க ம என்று ஏறி இறங்கும் ஆரம்பப் பாடம். 10 துளை சி கட்டை (சி சுருதியில் அமைந்த) வாத்தியத்தில் நாலாவதை ஊதினால் ச, இழுத்தால் ரி. ஐந்தில் க, ம. ஆறில் ப, த. ஏழில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள், ஏனென்றால் அங்கே வரிசை தலைகீழ்: இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. அந்த 'த நி ச' மூன்றை மட்டும் தினமும் நிதானமாக ஏறி இறங்கிப் பாருங்கள், ஒரு பாட்டை நூறு முறை திக்கித் திக்கி வாசிப்பதைவிட அது உதவும் என்பது என் அனுபவம். கீழ் ஸ்தாயியில், அதாவது முதல் மூன்று துளைகளில், ம, த இரண்டும் நேரடியாகக் கிடையாது. அங்கே பாட்டு வராவிட்டால் உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள்.

இரண்டாவது துளையை இழுக்கும்போது சத்தம் அடைத்துக்கொண்டால் உடனே ரீட் (உள்ளே அதிர்ந்து சத்தம் தரும் தகடு) போய்விட்டது என்று கடைக்கு ஓடாதீர்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரும்பாலும் பலமாக உறிஞ்சுவதுதான் காரணம். தாடையைத் தளர்த்தி, சுடுசோறு வாயில் இருக்கும்போது மூச்சு இழுப்பது போல மெதுவாக இழுங்கள், ஸ்வரம் வந்துவிடும். தினமும் முரட்டுத்தனமாக ஊதினால் மெல்லிய பித்தளை ரீட் நாளடைவில் சுருதி இறங்கி, ஒருநாள் உடைந்தே போகும்.

மீதி நேரத்துக்கு உங்களுக்குப் பிடித்த ஒரு பாட்டின் பல்லவி போதும், மனசில் தாளம் பிசகாமல். உதடு களைக்கும் முன்பே நிறுத்திவிடுங்கள், மறுநாள் எடுக்க ஆசை மிச்சம் இருக்கட்டும்.

சாப்பிட்ட கையோடு ஊத வேண்டாம். டீ, இனிப்பு எது சாப்பிட்டாலும் வாய் கொப்பளித்துவிட்டு எடுங்கள், சர்க்கரைப் பிசுக்கு ரீடில் ஒட்டிக்கொள்ளும். முடித்ததும் துளைகள் கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றி, சற்று காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் அவர்களுக்கென்று தனியாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.