கிளைம்பிங் ஸ்டிக்: ஏறும் குச்சியா, கண்ணேணியா?

‘கிளைம்பிங் ஸ்டிக்’ என்றதும், ஏற்காட்டுக்கு நடைபயணம் வருகிறவர்கள் கையில் பிடித்திருக்கும் மடக்குத் தடி நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. அது நடைக்கோல், கால் இடறாமல் ஊன்றிக்கொள்வதற்கு. இங்கே சொல்லப்போவது வேறு சாமான். மரத்தோடு சேர்த்துக் கட்டி, அதன் மேல் கால் வைத்து மேலே போவதற்கானது. வட அமெரிக்காவில் வில்லும் அம்பும் கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் கையில் இன்று அதிகம் புழங்குவது. பெயரில்தான் குச்சி, பார்வைக்கு அது ஏணியின் ஒரு துண்டு.

ஒன்றரை அடியிலிருந்து இரண்டரை அடிவரை நீளமுள்ள ஓர் அலுமினியத் தண்டு. அதில் கால் வைக்க இரண்டு மூன்று படிகள். தண்டு மரத்தை ஒட்டிவிட்டால் காலின் முன்பகுதி நுழைய இடம் இருக்காது. அதனால் சில விரற்கடை தள்ளி நிற்கும்படி பின்பக்கம் ‘வி’ வடிவத் தாங்கிகள் வைத்திருப்பார்கள். அவற்றின் முனை பட்டையில் பதிந்துகொள்ளும். நாடாவையோ கயிற்றையோ மரத்தைச் சுற்றி இழுத்து இறுக்கிவிட்டு, படியில் ஓங்கி ஒரு மிதி மிதித்தால் தாங்கிகள் பட்டையைக் கவ்விக்கொண்டு நிற்கும். முதல் தண்டைத் தரையில் நின்றபடியே கட்டுவார்கள். அதில் ஏறி நின்று அடுத்ததை, அதில் ஏறி அதற்கும் அடுத்ததை. கட்டாத தண்டுகள் இடுப்பில் தொங்கும். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால், மின்கம்பம் ஏறுகிற லைன்மேன் கட்டுவது போன்ற இடுப்புக்கயிறு ஒன்றை மரத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டுதான் ஏறவேண்டும். மூன்று நான்கு தண்டுகளில் 15 முதல் 20 அடி உயரம் போய்விடலாம். இறங்கும்போது மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வருவார்கள். மரத்தில் ஆணி கிடையாது, துளை கிடையாது. மரத்துக்குள் திருகி ஏற்றும் இரும்புப் படிகளுக்கு அங்கே பல பொதுக் காடுகளில் தடை இருப்பதும் இந்தக் கட்டுத்தண்டுகள் பரவ ஒரு காரணம்.

எடைதான் இதில் பெரிய பேச்சு. விடியுமுன் இருட்டில் வெகுதூரம் தோளில் சுமந்து நடக்க வேண்டியிருக்கும் என்பதால் ஒரு தண்டு ஒரு கிலோவைத் தாண்டினாலே முகம் சுளிப்பார்கள். கார்பன் இழையிலும் டைட்டானியத்திலும் செய்து அரைக் கிலோ அளவுக்கு இறக்கியிருக்கிறார்கள். அலுமினியத்தோடு அலுமினியம் உரசிக் ‘கிணுங்’ என்றால் மான் ஓடிவிடும், அதற்காகத் தண்டு முழுக்கத் துணிநாடா சுற்றுகிறவர்களும் உண்டு.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘கிளைம்பிங்’ என்று நாம் எழுதுகிறோமே தவிர, ஆங்கிலேயர் நாக்கில் அந்த ‘ப்’ வராது, ‘க்ளைமிங்’தான். பழைய ஆங்கிலத்தில் அந்த ஒலி இருந்தது. பிறகு வாயிலிருந்து போய்விட்டது, எழுத்தில் மட்டும் தங்கிவிட்டது. பற்றிக்கொள்ளுதல், ஒட்டிக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள மிகப் பழைய ஜெர்மானிய வேரோடு அதற்கு உறவு சொல்கிறார்கள். ‘ஸ்டிக்’ என்பதும் அப்படித்தான். சுள்ளி, முளைக்குச்சி என்ற பொருளில் வழங்கிய பழைய ஆங்கிலச் சொல் அது. குத்துதல் என்ற வினையோடு உறவுடையது. குத்தியது அங்கேயே நிற்கும், நிற்பது ஒட்டியிருக்கும் என்று பொருள் நகர்ந்து நகர்ந்து, நம் ஊர் ஆட்டோக்களின் பின்னால் ஒட்டுகிற ஸ்டிக்கர்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போதுள்ள துண்டுத் தண்டுகளுக்கு முன்பே, ஒன்றன் தலையில் ஒன்றைச் செருகி 20 அடிக்கு ஒரே கம்பமாக்கி, இருபுறமும் படி வைத்து மரத்தோடு கட்டும் இரும்பு வகையும் இதே பெயரில் விற்றது. அதைக் கோல் என்று சொன்னதில் நியாயம் இருந்தது. கம்பத்தைத் துண்டு துண்டாக்கித் தனித்தனியே கட்டத் தொடங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. அதனால் இன்று அந்தப் பெயரை வைத்துப் பொருளைப் புரிந்துகொள்ள முடியாது. ‘ஏறும் குச்சி’ என்று சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தால், ஏறுவது ஆளா குச்சியா என்ற சந்தேகம் ஒருபக்கம். இன்னொருபக்கம், தமிழில் குச்சி என்பது பல் விளக்குகிற வேப்பங்குச்சி, தீக்குச்சி அளவுக்கானது. ஆள் எடையைத் தாங்குகிற ஒன்றைக் குச்சி என்று சொல்லி யாரையும் ஏற்ற முடியாது.

தமிழில் இதற்கு மிக அருகில் நிற்கும் சொல் கண்ணேணி. கண் என்பது இங்கே கணு. மூங்கிலின் கணுவில் கிளைக்கும் பக்கக் கொம்புகளை ஒரு சாண் விட்டு வெட்டினால் அதுவே படி. மூங்கிலில் ஒரு கணுவில் இடப்பக்கம் கிளைத்தால் அடுத்த கணுவில் வலப்பக்கம் கிளைக்கும். ஆக இடக்கால், வலக்கால் என்று மாற்றி மாற்றி வைக்கத் தோதாக மூங்கிலே படி போட்டுத் தந்திருக்கிறது. இரண்டு பக்கச் சட்டமும் நடுவில் குறுக்குப் படியும் கொண்ட வழக்கமான ஏணிக்கு இரண்டு கால். கண்ணேணிக்கு ஒரே கால். அதுதான் கிளைம்பிங் ஸ்டிக்கின் உடலமைப்பும். நடுவே ஒரு தண்டு, பக்கத்துக்குப் பக்கம் படி. உள்ளே ஏறக்குறைய கெட்டியாக இருக்கும் கல் மூங்கில் இதற்கு ஏற்றது. கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் அது நன்றாக வளரும்.

இலக்கணத்திலும் சிக்கல் இல்லை. கண் + ஏணி, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வர இரட்டிக்கும், கண்ணேணி. ஏணி என்ற சொல் கன்னடத்திலும் மலையாளத்திலும் அப்படியே இருக்கிறது. ஏண் என்றால் உயரம் என்று அகராதிகள் பொருள் தருகின்றன. சேலத்தில் தெலுங்கு பேசும் வீடுகளில் மட்டும் ‘நிச்சென’ என்பார்கள், அது வடமொழி வழி வந்தது.

கண்ணேணிக்கு இன்னும் பழைய பெயர் மால்பு. மலைபடுகடாம், குரங்கும் ஏற மாட்டாமல் கையற்றுப் போகும் நெடுமலையில் மால்பையே வழியாகக் கொண்டு ஏறித் தேன் எடுத்தவர்களைப் பேசுகிறது. அந்த மால்புக்குக் கண்ணேணி என்று பொருள் சொன்னவர்கள் பின்னால் வந்த உரைகாரர்கள். அந்தப் பாட்டின் தலைவன் நன்னனுடைய ஊர் செங்கண்மா, இன்றைய செங்கம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே, இடையில் சில மலைகள் தாண்டினால் அந்த நாடு. நமக்குத் தூரத்துச் சொல் இல்லை என்று சொல்ல வந்தேன். குறுந்தொகை 273-ஆம் பாட்டிலும் மால்பு வருகிறது. தேனுக்கு ஆசைப்பட்டு, பழைய மால்பின் தன்மை அறியாமல் ஏறிய அறிவிலி அங்கே உவமை. காதலைப் பற்றிய பாட்டு என்றாலும், மரம் ஏறுகிறவர்கள் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உளுத்த மூங்கில் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இன்றைய அலுமினியத் தண்டு உளுக்காது, ஆனால் அதைக் கட்டியிருக்கிற நாடா வெயிலில் காய்ந்து நைந்துபோகும். மரத்திலேயே மாதக்கணக்கில் விட்டால் மரம் பருக்கப் பருக்க நாடா விறைத்துப்போய் ஒருநாள் அறும். அங்கே வேட்டைக்காரர்கள் விழுந்து அடிபடுவதில் பெரும்பங்கு இந்த ஏறுவதும் இறங்குவதுமான நேரத்தில்தான்.

மரம் ஏற நம்மிடம் வேறு உத்திகளும் உண்டு. தென்மாவட்டப் பனையேறிகள் காலைப் பிணைக்கும் தளைநார் எல்லோருக்கும் தெரியும். அவர்களிடம் முருக்குத்தடி என்று ஒன்றும் இருக்கிறது. அடிமரத்தில் சாய்த்து வைத்து, முதல் எட்டுக்கு அதில் கால் வைத்துக்கொள்வார்கள். அது உண்மையாகவே ‘ஸ்டிக்’. ஆனால் ஒரே படிதான், மேலே போக உதவாது. அதனால் அந்தப் பெயரை இங்கே இழுத்துவர முடியாது.

ஏறிய பிறகு உட்காரும் இடத்துக்கு வேட்டைக்காரர்கள் தனியாக ஒரு சிறு தட்டு கட்டுவார்கள். அதற்குத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை: பரண், இதணம், கழுது, பணவை. கலித்தொகையில் யானையின் காலடி ஓசை கேட்ட கானவன், ஆசினிப் பலாவில் கட்டிய பணவையில் ஏறிக் கவண்கல் எறிகிறான். அவனுக்கு நோக்கம் புனத்தைக் காப்பது. மேலே இருந்தால் விலங்கு எளிதில் பார்க்காது, மனித வாடையும் அதன் மூக்குக்கு அவ்வளவாக எட்டாது என்பதெல்லாம் அமெரிக்க வேட்டைக்காரனின் கணக்கு. கானவனுக்கு யானையின் துதிக்கை எட்டாமல் இருந்தால் போதும். வெள்ளைக்காரத் துரைமார் இந்தக் காடுகளில் வேட்டையாடிய காலத்தில் பரணுக்கு இந்திச் சொல்லான ‘மச்சான்’ என்பதையே ஆங்கிலத்தில் எழுதினார்கள். நம் மஞ்சத்துக்கும் அதற்கும் வேர் ஒன்று. வேட்டைக் கதைகளைத் தமிழில் பெயர்க்கிறவர்கள் இங்கே கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். துரை புலிக்காக இரவெல்லாம் மச்சான் மேல் உட்கார்ந்திருந்தார் என்று அச்சடித்துவிட்டால் படிக்கிறவன் மச்சானுக்காகப் பரிதாபப்படுவான்.

வேட்டை பற்றியும் ஒரு வரி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1972-இல். அந்தச் சட்டப்படி இன்று சேர்வராயன் மலையில் இதைக் கட்டி யாரும் மானுக்குக் காத்திருக்க முடியாது, குற்றம். ஆனால் கருவிக்கு வேலை இல்லாமல் போகவில்லை. காட்டுமாடு நடமாடும் இடத்தில் தானியங்கிக் கேமராவை அதன் கொம்புக்கு எட்டாத உயரத்தில் கட்ட, பலா இறக்க, விதை சேகரிக்க, பறவை பார்க்க உதவும்.

மிளகு பறிக்க ஆகுமா என்று ஏற்காட்டுப் பக்கம் யாராவது கேட்டால், ஆகாது என்பதே என் கருத்து. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரம் நெட்டுக்குத்தாக வளர்வதால் இந்தத் தண்டுகளுக்கென்றே செய்ததுபோல் தோன்றும். ஆனால் அதைச் சுற்றித்தானே கொடி படர்ந்திருக்கிறது? நாடாவைப் போட்டு இறுக்கினால் கொடி நசுங்கும், தாங்கியின் முனை கொடியின் தண்டைக் கிழிக்கும். சாய்த்து வைக்கும் மூங்கில் ஏணி மேலே ஓரிடத்தில் மட்டும்தான் மரத்தைத் தொடும். அதோடு மிளகு பறிக்கிறவர் மரத்துக்கு மரம் மாறிக்கொண்டே இருப்பவர். ஒவ்வொரு மரத்திலும் நாலு தண்டு கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தால் பொழுது சாய்ந்துவிடும். அலுமினிய ஏணி மூங்கிலைவிட லேசு என்று அதற்கு மாறியவர்களும், கம்பி போகிற இடத்தில் அதைத் தூக்கி நிறுத்தும்போது மின்சாரத்துக்குப் பயந்தே ஆகவேண்டும். காய்ந்த மூங்கிலில் அந்தப் பயம் குறைவு. கொடி ஏற்றாத மரத்தில் கிளை கழிக்க வேண்டுமானால் தண்டு சரிப்படும். அப்போதும் மழைக்காலத்தில் பட்டையில் பாசி படிந்திருக்கும், சுரண்டிவிட்டுக் கட்ட வேண்டும்.

இனி எந்தச் சொல்லை வைப்பது? ‘ஏறுகோல்’ என்று ஒன்று செய்யலாம், கெட்டிக்காரச் சொல்தான். ஊன்றுகோல், எழுதுகோல், நெம்புகோல், திறவுகோல் என்ற குடும்பத்தில் இயல்பாகப் போய் உட்காரும். ஊன்றுகோல் தானே ஊன்றாது, எழுதுகோல் தானே எழுதாது என்று எல்லோருக்கும் தெரிவதால், ஏறுவது கோலா என்ற சந்தேகமும் எழாது. ஒரே இடறல், ஏறு என்றால் காளையும்தான். தம்மம்பட்டியில் ஜல்லிக்கட்டு பார்த்து வளர்ந்தவர் காதில் ஏறுகோல் என்று விழுந்தால் மாடு ஓட்டுகிற தார்க்கோலை நினைத்தாலும் நினைப்பார்.

நான் இப்படிப் பிரித்துக்கொள்வேன். கருவி வகைக்குப் பெயர் கண்ணேணி. துண்டு துண்டாகக் கட்டுவதைக் கட்டுக் கண்ணேணி எனலாம். அதன் ஒரு துண்டைத் தனியே குறிக்க வேண்டிய இடத்தில் ஏறுகோல்: ‘நாலு ஏறுகோல் கொண்ட கட்டுக் கண்ணேணி’. மால்பு அழகான சொல், ஆனால் இன்று விளக்கம் சொல்லாமல் யாருக்கும் புரியாது. கண்ணேணியும் பேச்சில் அதிகம் இல்லைதான், இருந்தாலும் அதற்குள் ஏணி இருப்பதால் கேட்கிறவருக்குப் பாதி புரிந்துவிடும். எழுத்துக்கு இது போதும். சேலத்தில் ஒரு பட்டறையில் இதைச் செய்துதரச் சொல்லிப் போகிறவர், ‘மரத்துல வச்சு பெல்ட் போட்டுக் கட்டுற ஒத்தக்கால் ஏணி, துண்டு துண்டா வேணும்’ என்று கேட்டால் வேலை சீக்கிரம் நடக்கும்.