ஸ்கேனில் கல் இல்லையென்றால் நிம்மதி வேண்டாம்

சேலத்து வெயிலில் சிறுநீரகக் கல் சகஜம். அதனால் விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் வலித்தால் கல் என்று நினைப்பதில் தவறில்லை. ஸ்கேனில் கல் இல்லை என்ற பிறகும் 'கரைந்து போயிருக்கும்' என்று வாழைத்தண்டுச் சாற்றோடு வீட்டில் இருக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

இந்த வாரமும் ஒருவர். ஏற்காட்டில் காபித் தோட்ட வேலை, முப்பதுகளில் இருக்கும் பெண். கல் இல்லை என்றதும் வலி ஊசி போட்டுக்கொண்டு மலையேறிவிட்டார். வாந்தியும் காய்ச்சலுமாகத் திரும்பி வந்தபோது, ரத்த ஓட்டத்தைக் காட்டும் மருந்தை நரம்பில் செலுத்தி சி.டி. எடுத்தோம். இடது சிறுநீரகத்தில் ஆப்பு வடிவில் ஒரு பகுதிக்கு ரத்தமே போகவில்லை. தமனியில் ரத்தக்கட்டி. செத்துப்போன அந்தப் பகுதி இனி மீளாது.

கல் வெளியேறினால் வலி நிற்க வேண்டும். கல்லும் இல்லை, வலியும் நிற்கவில்லை என்றால் காரணம் வேறு. மருந்து செலுத்தாத ஸ்கேன் கல்லைக் காட்டும். ரத்த ஓட்டத்தைக் காட்டாது. 'கல் இல்லை' என்ற ரிப்போர்ட்டுக்கு 'கிட்னி நன்றாக இருக்கிறது' என்று பொருளே கிடையாது. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். சக மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: இப்படிப்பட்ட வலியில் எல்டிஹெச் (திசு செத்தால் ரத்தத்தில் கூடும் நொதி) எகிறியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பெண்ணின் அண்ணனுக்குக் காலில் ரத்தம் கட்டி, புரோட்டீன் சி (ரத்தம் தேவையில்லாமல் கட்டாமல் தடுக்கும் புரதம்) குறைபாடு என்று முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள். 'அது கால் பிரச்சினைதானே சார்' என்றார். இல்லையம்மா, அது ரத்தத்தின் பிரச்சினை. பெரும்பாலும் கால் சிரையைத்தான் அடைக்கும். அரிதாகத் தமனியையும் அடைக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு.

உடனே லேபுக்கு ஓடவும் வேண்டாம். கட்டி புதிதாக இருக்கும்போதும், ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடும்போதும் புரோட்டீன் சி அளவு குறைவாகத்தான் காட்டும். எப்போது எடுப்பது என்று மருத்துவர் சொல்லட்டும்.

ஆடித் திருவிழாவுக்கு மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்; அந்த ஹார்மோன் ரத்தம் கட்டும் அபாயத்தைக் கூட்டலாம். இந்தக் குறைபாடு உள்ள குடும்பத்துப் பெண்கள் கட்டாயம் கூடாது. கருத்தடை மாத்திரைக்கும் இதே பேச்சுதான். வார்ஃபரினை வலி போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள்; மருந்தின் அளவு சரியா என்று காட்டும் ஐஎன்ஆர் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கத் தவறாதீர்கள். அப்புறம், வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் ரத்தம் கட்டியிருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.