பரணிலிருந்து இறங்கும் கேம் கேசட்டுக்கு என்ன விலை?

பெங்களூரு அல்சூரில் நான் வைத்திருப்பது சின்னக் கடை. கேம் கன்சோல் ரிப்பேர்தான் முக்கிய வேலை. பழைய கேசட், டிஸ்க் வாங்கி விற்பதும் உண்டு. போன மாதம் ஒரு அக்கா ஜவுளிக்கடைப் பையோடு வந்து, மஞ்சள் கேசட் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். லேபிளில் 9999999 இன் 1 என்று போட்டிருந்தது. "தம்பி, இதுல மாரியோ இருக்கு. அமெரிக்காவுல மாரியோ கேசட் 11 கோடிக்குப் போச்சாமே?"

போனது உண்மைதான். 2021 ஜூலையில் ஹெரிடேஜ் என்ற அமெரிக்க ஏல நிறுவனத்தில் சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்கு விற்றது. ஆனால் அந்தக் காசு மாரியோவுக்குக் கொடுத்தது இல்லை. அந்த கேம் உலகம் முழுக்க ஒரு கோடிக்கு மேல் விற்றது. விளையாடிய கேசட் மட்டும் வேண்டுமென்றால் இன்றைக்கும் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும். ஏலத்துக்கு வந்த பிரதி பிரிக்கவே படாதது. வாட்டா என்ற தரமதிப்பீட்டு நிறுவனம் அதற்கு 10-க்கு 9.8 கொடுத்து, மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைக்குத் தனியாக ஏ++ போட்டிருந்தது. அந்த வருடம் அடித்தது ஒரு அலை. அது இறங்கியதும் விலைகளும் இறங்கின. செய்தி மட்டும் இன்னும் வாட்ஸாப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அக்காவின் கேசட்டைத் திறந்து காட்டினேன். பச்சை போர்டின் நடுவில் தார் சொட்டியது போலக் கறுப்பாக ஒரு பொட்டு, அவ்வளவுதான். ஜப்பானில் 1983-இல் வந்த ஃபேமிகாம் என்ற கன்சோலைப் பார்த்துச் செய்த நகல்களுக்கான 60 பின் கேசட் அது. நம்மில் பாதிப் பேர் 'டிவி கேம்' என்று விளையாடியது இதைத்தான். ஓடினால் 150, 200 ரூபாய் கொடுப்பேன். அவர் நம்பவில்லை. இன்னும் இரண்டு இடத்தில் விசாரிக்கிறேன் என்று போனார். விசாரிப்பது நல்லதுதான்.

விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, இது ஒரிஜினலா என்பது. இதில்தான் அதிகம் பேர் அடி வாங்குகிறார்கள். ஒயிட்ஃபீல்டில் வேலை பார்க்கும் ஒரு பையன், கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கன்சோலுக்கான போக்கிமான் எமரால்டு கேசட்டை ஆன்லைனில் யாரிடமோ 6,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்தான். "அண்ணா, சேவ் ஆக மாட்டேங்குது, பேட்டரி மாத்திக் குடுங்க" என்றான். கேசட்டைத் திருப்பிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பின்னால் சாதாரண நட்சத்திர ஸ்க்ரூ. கேம்பாய் கம்பெனியான நின்டெண்டோ அதில் போடுவது மூன்று கால் ஸ்க்ரூ. அடுத்து, லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் அச்சு இல்லாமல் வெறுமனே அழுத்திப் பதித்த இரண்டு இலக்க எண் தெரிய வேண்டும். இதில் இல்லை. கீழே தங்கப் பற்களுக்கு மேல் போர்டின் ஓரத்தில் நின்டெண்டோ என்ற எழுத்து தெரிய வேண்டும். அதுவும் இல்லை. ஒன்றை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். யாரோ ஸ்க்ரூ மாற்றியிருக்கலாம், லேபிள் தேய்ந்திருக்கலாம். மூன்றுமே இல்லை என்றால் யோசிக்க ஒன்றும் இல்லை.

அவன் சொன்ன பேட்டரிக் கதையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. எமரால்டில் பேட்டரி போனால் கடிகாரத்தை நம்பி நடக்கும் சில காரியங்கள்தான் நிற்கும், சேவ் போகாது. பழைய போக்கிமான் கோல்டு, சில்வர் கேசட்டுகள் வேறு மாதிரி. அவற்றில் பேட்டரி செத்தால் சேவும் சேர்ந்தே போகும். அதனால் எமரால்டில் சேவ் ஆகவில்லை என்றாலே நான் முதலில் கேசட்டைத்தான் சந்தேகப்படுவேன். ஒரிஜினலில் பேட்டரி செத்துப்போனதற்காக விலையை ரொம்பக் குறைக்க வேண்டாம். மாற்றுவது சின்ன சால்டரிங் வேலை.

டிஸ்க் விஷயம் வேறு. பிஎஸ்2, அதாவது பிளேஸ்டேஷன் 2 காலத்தில் இங்கே பெரும்பாலான வீடுகளில் ஓடியது, காப்பி டிஸ்க்கை ஏற்கும்படி சிப் அடித்த மெஷினும் காப்பி டிஸ்க்கும்தான். ஐம்பது டிஸ்க் கொண்ட பவுச்சோடு வருகிறார்கள். புரட்டினால் அடிப்பக்கம் ஊதா. வீட்டில் எழுதிய டிஸ்க் என்று அர்த்தம். அதை நான் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை. ஒரிஜினல் பிஎஸ்1 டிஸ்க்கின் அடிப்பக்கம் கறுப்பு. பிஎஸ்2-வில் டிவிடி என்றால் வெள்ளி, சிடி என்றால் நீலம்.

கீறல் என்றதும் எல்லோரும் அடிப்பக்கத்தைத்தான் பார்க்கிறார்கள். சிடியில் தகவல் இருப்பது மேலே, லேபிளுக்கு அடியில். அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டு எடுத்துவிடலாம், லேபிள் பக்கம் ஆணி கிழித்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள், ஊசி குத்தியது போல வெளிச்சம் வந்தால் கை வைக்காதீர்கள். டிவிடியில் தகவல் இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். பிஎஸ்3 முதல் வரும் ப்ளூ-ரேயில் அடிப்பரப்புக்கு வெறும் 0.1 மில்லிமீட்டர் உள்ளேயே தகவல். அதைப் பாலிஷ் மெஷினில் விடுகிறேன் என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

சரி, ஒரிஜினல், நன்றாகவும் ஓடுகிறது. இப்போது விலை. விற்பவர் கேட்கும் தொகை விலை ஆகாது. ஈபேயில் ஒருவர் 40,000 ரூபாய் என்று போட்டு இரண்டு வருடமாக ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். அதே தளத்தில் 'விற்று முடிந்தவை' என்று வடிகட்டிப் பாருங்கள். கடைசி ஆறேழு விற்பனையில் உச்சத்தையும் அடியையும் விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பிரைஸ்சார்ட்டிங் தளம் இதையே தொகுத்து, கேசட் மட்டும், பெட்டியும் புத்தகமும் சேர்ந்தது, பிரிக்காதது என்று பிரித்துக் கொடுக்கிறது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். வெறும் டிஸ்க்கை வைத்துக்கொண்டு பிரிக்காததன் விலையைக் கேட்பது தினமும் நடக்கிறது.

எந்த நாட்டுப் பிரதி என்று பார்க்கவும் மறக்கக் கூடாது. இந்தியாவுக்கு வந்த பிஎஸ்2 டிஸ்க்குகள் பால் (PAL) வகை, அதாவது ஐரோப்பாவில் ஓடிய அதே டிவி முறை. அமெரிக்க டிஸ்க்கின் குறியீடு எஸ்எல்யுஎஸ் என்றும், ஐரோப்பிய டிஸ்க்கினுடையது எஸ்எல்இஎஸ் என்றும் தொடங்கும். அமெரிக்கப் பிரதியின் டாலர் விலையை நம் பிரதிக்குப் பெருக்கிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். ஆனால் எம்ஆர்பி ஸ்டிக்கர் ஒட்டிய இந்தியப் பெட்டியை மட்டமாக நினைக்காதீர்கள். 2009-இல் வந்த 'ஹனுமான்: பாய் வாரியர்' இந்தியாவிலேயே உருவான முதல் பிஎஸ்2 கேம். நல்ல கேமா என்று கேட்காதீர்கள், விளையாடியிருக்கிறேன்! ஆனால் சேகரிப்பவர்கள் தேடி வருகிறார்கள். சேகா மெகா டிரைவ் என்ற கன்சோலை 1995-இல் ஷா வாலஸ் என்ற கம்பெனி இங்கே 18,000 ரூபாய்க்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்து 18,000-ஐ யார் கொடுத்திருப்பார்கள்? அதனால்தான் அதன் இந்தியப் பெட்டியைப் பார்க்க எனக்கே ஆசை. ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள், தின்னர் போட்டுத் துடைக்காதீர்கள். அழுக்கோடு வந்தாலும் பரவாயில்லை. அட்டைப்பெட்டியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள், சில கேம்களுக்குக் காலிப் பெட்டி கேசட்டை விட அதிக விலைக்குப் போகும்.

பிரிக்காத கேம் என்றாலே எனக்கு இப்போது பயம். 2021 அலையில் நானும் ஒன்று வாங்கினேன், சீல் பிரிக்காத பிஎஸ்2 கேம், 9,000 ரூபாய். கடைக்குக் கொண்டுவந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால் உறையின் மடிப்பு கம்பெனி மடிப்பு மாதிரி இல்லை. மனசு கேட்காமல் பிரித்தேன். உள்ளே நூறு தடவை ஓடிய டிஸ்க். உறை சுற்ற ஒரு பிளாஸ்டிக் ரோலும் சூடான காற்றும் போதும், இனிப்புக் கடையில் தினமும் செய்யும் வேலைதான். விற்றவர் போனை எடுக்கவே இல்லை. டிஸ்க்கைப் பிறகு 700 ரூபாய்க்குக் கொடுத்தேன்.

என் மாதிரிக் கடைக்காரன் என்ன கொடுப்பான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் கொடுப்பது விற்ற விலையில் பாதிக்குச் சற்று மேல். திறந்து சுத்தம் செய்ய வேண்டும், வாங்குபவருக்கு ஒரு மாத உத்தரவாதம் கொடுக்க வேண்டும், எட்டு மாதம் அலமாரியில் தூங்கினாலும் வாடகை நிற்காது. முழு விலை வேண்டுமென்றால் நேராகச் சேகரிப்பவரிடம் விற்பதுதான் வழி, அதற்குப் பொறுமை வேண்டும். வெளிநாட்டு விலையைக் காட்டுபவர்களுக்கு ஒன்று: அங்கே அனுப்பும் செலவும் தளத்தின் கமிஷனும் அதிலிருந்துதான் போக வேண்டும்.

கொண்டுவரும் முன் போட்டோ அனுப்பினால் உங்களுக்கு ஆட்டோ காசு மிச்சம். முன்பக்கம், பின்பக்கம், கேசட்டின் பற்கள், டிஸ்க்கின் இரண்டு பக்கம், பெட்டி இருந்தால் அதன் மூலைகள். சென்னைச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தது என்றால் ஸ்க்ரூவையும் கிட்டே எடுங்கள், கடல்காற்றில் துரு உள்ளே வரைக்கும் போயிருக்கும். மஞ்சள் கேசட்டுக்கு போட்டோ வேண்டாம். கடையில் ஒரு பழைய டிவி வைத்திருக்கிறேன், வந்து போட்டு விளையாடுங்கள்.