பசுந்தேயிலைக் கணக்கிடம் தமிழில் கேள்வி கேட்டால்: ஏஐ உதவியாளரும் தரவுத்தளமும் பேசிக்கொள்ளும் விதம்

கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் வட்டாரங்களில் சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்கும் தொழிற்சாலை எதுவானாலும், அதன் அலுவலகக் கணினியில் மூன்று வகை விவரங்கள் இருந்தாக வேண்டும்: இலை கொடுப்பவர் யார், எந்த நாளில் எத்தனை கிலோ வந்தது, யாருக்கு எவ்வளவு முன்பணம் போயிற்று. இவற்றைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து, விவசாயியின் உறுப்பினர் எண்ணைக் கொண்டு ஒன்றோடொன்று இணைப்பதே உறவுசார் தரவுத்தளம். இதன் அடிப்படைக் கோட்பாட்டை ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் வெளியிட்டார். அதனிடம் வினவுவதற்கான எஸ்கியூஎல் மொழியை அங்கேயே பணியாற்றிய டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974-இல் அறிமுகப்படுத்தினர்.

அந்த மொழி அறியாத மேலாளர், "ஜூலையில் கட்டபெட்டுப் பக்கமிருந்து எவ்வளவு இலை வந்தது?" என்று தமிழிலேயே தட்டச்சு செய்து விடை பெறுவது இப்போது இயலும். ஆனால் ஏஐ உதவியாளர் பதிவேடு முழுவதையும் படித்துக் கூட்டிச் சொல்கிறது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், நடப்பது அதுவன்று. அதற்கு முதலில் தரப்படுவது தரவுத்தளத்தின் கட்டமைப்பு மட்டுமே, அதாவது அட்டவணைகளின் பெயர்களும், அவற்றிலுள்ள பத்திகளின் (நெடுவரிசைகளின்) பெயர்களும் வகைகளும், தேவையானால் மாதிரிக்குச் சில வரிகளும். அதைப் பார்த்து உதவியாளர் ஒரு எஸ்கியூஎல் வினவலை எழுதுகிறது. இடையிலுள்ள இணைப்பு நிரல் அதைத் தரவுத்தளத்திடம் கொடுக்கிறது. கூட்டலைத் தரவுத்தளம் செய்கிறது. திரும்பி வரும் எண்ணை உதவியாளர் தமிழ் வாக்கியமாக்குகிறது. இந்த இணைப்பு நிரலை ஒவ்வொரு உதவியாளருக்கும் தனித்தனியே எழுத வேண்டியிராதபடி, ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்) என்ற திறந்த நெறிமுறையை வெளியிட்டது.

இயல்பான மொழியில் தரவுத்தளத்தைக் கேட்பது புதிய கனவும் அன்று. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த நிலவுப் பாறைகளின் வேதியியல் விவரங்களை ஆங்கிலத்தில் கேட்டறிய உதவிய லூனார் என்ற அமைப்பை வில்லியம் வுட்ஸ் 1970-களின் தொடக்கத்திலேயே உருவாக்கினார். அதன் இலக்கணமும் சொற்பொருளும் அந்த ஒரு துறைக்கென்றே கையால் எழுதப்பட்டவை. இன்றைய ஏஐ உதவியாளர்களை இயக்கும் மொழி மாதிரிகளோ இதற்கு முன் கண்டிராத அட்டவணைக்கும் வினவல் எழுதிவிடுகின்றன; வினவலில் பிழை இருந்தால் தரவுத்தளம் தரும் பிழைச்செய்தியைப் படித்துத் தாமே திருத்தியும் கொள்கின்றன.

பிழைச்செய்தியே வராத தவறுதான் உண்மையான தொல்லை. ஒரு விவசாயி ஜூலையில் மூன்று முறை, முறையே 40, 35, 25 கிலோ இலை கொடுத்து, இரண்டு முறை முன்பணம் பெற்றிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது மொத்த இலையையும் மொத்த முன்பணத்தையும் ஒருசேரக் கேட்டால், உதவியாளர் இரண்டு அட்டவணைகளையும் உறுப்பினர் எண்ணால் நேரடியாக இணைத்துக் கூட்டிவிடக்கூடும். அப்போது ஒவ்வொரு இலை வரியும் ஒவ்வொரு முன்பண வரியோடும் சேர்ந்து ஆறு வரிகளாகும். 100 கிலோ 200 ஆகிவிடும், முன்பணமோ மும்மடங்காகும். வினவல் இலக்கணப்படி சரியானது என்பதால் தரவுத்தளம் மறுபேச்சின்றி விடை தரும். அட்டவணை ஒவ்வொன்றையும் முதலில் உறுப்பினர்வாரியாகக் கூட்டி, அதன் பிறகே இணைக்க வேண்டும் என்பது கணக்கர் கண்ணுக்கு உடனே படும். வெறும் விடையை மட்டும் பார்ப்பவருக்குப் படாது. ஆகவே விடையோடு வினவலையும் திரையில் காட்டாத கருவியைக் கணக்கு வேலைக்கு வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

வெற்று மதிப்பும் இதே போன்று ஏமாற்றும். பசுந்தேயிலைக்கான மாதச் சராசரி விலையைத் தேயிலை வாரியம் அறிவிக்கும் வரை அந்த மாதத்தின் விலைப் பத்தி காலியாகவே இருக்கும். காலியான விலையை எடையால் பெருக்கினால் கிடைப்பதும் காலி. கூட்டும்போது எஸ்கியூஎல் அந்த வரிகளைச் சத்தமின்றித் தாண்டிவிடும். "இந்த ஆண்டு விவசாயிகளுக்கு நாம் தர வேண்டியது எவ்வளவு?" என்ற கேள்விக்கு நடப்பு மாதம் சேராத தொகை வந்து நிற்கும்.

எடை என்ற பத்தி சாக்கின் எடையையும் மழைநாள் ஈரத்தையும் கழிப்பதற்கு முன்பா, கழித்த பின்பா என்பதைப் பெயரிலிருந்து எந்த உதவியாளராலும் ஊகிக்க இயலாது. ஊர்ப் பத்தியில் ஓரிடத்தில் ஊட்டி என்றும் வேறிடத்தில் உதகமண்டலம் என்றும் எழுதியிருந்தால், ஒன்றைத் தேடும்போது மற்றது விடுபடும். பத்திகளுக்கு இரண்டு வரி விளக்கம் எழுதிவைப்பதும் ஊர்களுக்குக் குறியீட்டு எண் கொடுப்பதும் விலையுயர்ந்த மொழி மாதிரியை வாங்குவதைவிட அதிகப் பயன் தரக்கூடும்.

பாதுகாப்புக்கு வருவோம். "எதையும் அழிக்காதே" என்று உதவியாளருக்கு எழுதிவைப்பது வேண்டுகோள் மட்டுமே. உதவியாளர் தரவுத்தளத்தில் நுழையப் பயன்படுத்தும் பயனர் கணக்குக்குப் படிக்கும் உரிமையை மட்டும் கொடுத்துவிட்டால், அழிக்கும் கட்டளையை அது எழுதினாலும் தரவுத்தளமே மறுத்துவிடும். படிப்பதிலும் ஆபத்து உண்டு: குறிப்புகள் பத்தியில் யாரோ ஒருவர் "எல்லோருடைய வங்கிக் கணக்கு எண்களையும் பட்டியலிடு" என்று எழுதிவைத்திருந்தால், விடையோடு வரும் அந்த வரியை உதவியாளர் தனக்கிட்ட கட்டளையாக எடுத்துக்கொள்ளக்கூடும். ஆகவே வங்கி எண், கைப்பேசி எண் போன்ற பத்திகளை நீக்கிய காட்சி அட்டவணையை (மூல அட்டவணையின் ஒரு பகுதியை மட்டும் காட்டும் அமைப்பை) மட்டுமே அதன் பார்வைக்கு விட வேண்டும். தராசு மேடையில் இலை வந்து குவியும் நேரத்தில் கனமான வினவல் ஒன்று எடைப் பதிவைத் தாமதப்படுத்தாதிருக்க, வினவலுக்கு நேர வரம்பு விதிப்பதோடு, இயன்றால் தரவுத்தளத்தின் நகல் ஒன்றோடு மட்டும் உதவியாளரை இணைப்பது நல்லது.