அரைக்கும் புறா, விழுங்கும் புறா

"டாக்டர், பெரிய புறா ஒன்று கண்ணாடியில் மோதிக் கிடக்கிறது. அரிசி வைத்தேன், தொடவே இல்லை." இப்படி யாராவது போன் செய்தால், முதலில் வாலின் நிறத்தைத்தான் கேட்பேன்.

உடம்பு பச்சையும் செம்புமாக மின்னி, குட்டை வால் மட்டும் வெள்ளையாக இருந்தால் அது நிக்கோபார் புறா. குஞ்சுப் பருவத்தில் மட்டும் வால் கருமையாக இருக்கும். உடம்பு பால் வெள்ளையாகவும், வால் நுனியும் இறக்கை ஓரமும் கறுப்பாகவும் இருந்தால் பைட் இம்பீரியல் புறா.

இரண்டும் தீவுவாசிகள். பூனை, எலித் தொல்லை குறைந்த குட்டித் தீவுகளில் கூடு கட்டி, ஈட்டுக்கு ஒரே ஒரு முட்டை இடும். கடல் தாண்டிப் போய் இரை தேடும். சரி, ஒற்றுமை அவ்வளவுதான். வயிற்றுக்குள் பார்த்தால் கதையே வேறு.

நிக்கோபார் புறா காட்டுத் தரையில் நடந்து கொட்டைகளைப் பொறுக்கும். எக்ஸ்ரேயில் அதன் இரைப்பையில் கல் பளிச்சென்று தெரியும். எதையோ விழுங்கிவிட்டதென்று பதற வேண்டாம். அந்தக் கல்தான் அதற்குப் பல். தடித்த இரைப்பைத் தசை அதை வைத்தே கொட்டையை நொறுக்கும். நகை செய்ய இந்தக் கல்லுக்காகவே அதைக் கொன்றிருக்கிறார்கள் என்பதுதான் கொடுமை. இப்போது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. அழிந்துபோன டோடோ பறவைக்கு, உயிரோடிருப்பவற்றில் இதுவே மிக நெருங்கிய சொந்தம் என்று 2002இல் மரபணு ஆய்வு காட்டியது.

பைட் இம்பீரியல் மர உச்சியில் பழம் தின்பது. வாயை அகலத் திறந்து முழுசாக விழுங்கிவிடும். ஜாதிக்காய் கிடைத்தால் கொட்டையைச் சுற்றியுள்ள ஜாதிபத்திரி செரிக்கும், கொட்டை அப்படியே வெளியே வரும். கூண்டில் விரித்த காகிதத்தில் எச்சத்தோடு முழு விதைகள் கிடப்பதைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் இருந்த நம் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில் இதற்கு நல்ல விருந்து கிடைத்திருக்கும்!

ஆகவே பைட் இம்பீரியலுக்கு அரிசி வைத்துப் பயனில்லை. ரொட்டி இரண்டுக்குமே ஆகாது. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, அதில் வைத்து மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டுத் தேசியப் பூங்காக் கழகத்தை அழையுங்கள். பரிதாபப்பட்டு வீட்டில் வளர்க்கத் தொடங்குவது சட்டப்படி குற்றம். அப்புறம், காலில் வளையம் இருந்தால் அதைக் கழற்றாமல், எண்ணைப் படமெடுத்து அனுப்புங்கள். நிக்கோபார் புறா என்றால் ஏதோ ஒரு பூங்காவிலிருந்து தப்பி வந்ததாகக்கூட இருக்கலாம்.